டெவில் கூட டீல் பேசுறப்ப ஆன்மாவ மட்டும் விலையா வைக்காதீங்க

கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா அதுல ரெண்டு விஷயம் சேர்ந்து கிடக்கு. நீங்க புதுசா டிஎம் பண்றீங்க, அதாவது கதைய நடத்துற ஆள், டேபிள சுத்தி உக்காந்து ஆடுற கதை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் எடிஷன், 2014 ரூல்ஸ், பார்ட்டி (பிளேயர்ஸ் ஆடுற கேரக்டர் கூட்டம்) இப்ப ஆறாவது லெவல். வார்லாக்னா ஏதோ ஒரு பெரிய சக்தி கூட ஒப்பந்தம் போட்டு மந்திரம் வாங்கின கேரக்டர், அந்த சக்திதான் பேட்ரன்; உங்க வார்லாக் பிளேயரோட பேட்ரன் ஆட்டம் ஆரம்பிச்சதுல இருந்து ஒரு வார்த்தை பேசல. இப்ப வில்லாளி கேரக்டர் ஆடுறவங்க, பேக்ஸ்டோரில எப்பவோ செத்துப்போன தம்பிய மீட்க ஒரு டெவில் கூட டீல் போடணும்னு கேக்குறாங்க. ஆன்மாவ விலையா கேக்கலாமா, கான்ட்ராக்ட்ல எங்க ட்ரிக் வைக்கிறது, பேட்ரன எப்படி பேச வைக்கிறது. இதான் கேட்டீங்க.

ஆன்மா வேண்டாம். காரணம் ரொம்ப சிம்பிள், ஆன்மாவ கட்ட வேண்டியது செத்ததுக்கு அப்புறம். உங்க கேம்பெயின் (பல செஷனா ஓடுற தொடர் கதை) பன்னெண்டாவது லெவலோ பதினஞ்சாவது லெவலோ எங்கயோ ஒரு இடத்துல நின்னுடும், பெரும்பாலான கேம்பெயின் அப்படித்தான் நிக்கும், அந்த கேரக்டர் அப்ப உயிரோட இருக்கும், கேரக்டர் ஷீட்ட மடிச்சு வெச்சுட்டு அடுத்த ஆட்டத்துக்கு எல்லாரும் போயிடுவாங்க. அப்ப அந்த ஆன்மாவ யார் கட்டினது? யாரும் கட்டல. பிளேயருக்கு இது நல்லாவே தெரியும், அதனால "ஆன்மா தானே, எடுத்துக்கோ"ன்னு சிரிச்சுக்கிட்டே கையெழுத்து போடுவாங்க, நீங்க அந்த சீனுக்காக மூணு பக்கம் எழுதி வெச்சிருப்பீங்க. 1587ல ஃபிராங்ஃபர்ட்ல அச்சான பழைய ஃபாஸ்ட் கதைல 24 வருஷம் கெடு, அது கதையா படிக்க நல்லா இருக்கும், ஏன்னா படிக்கிறவன் ஒரே ராத்திரில அந்த 24 வருஷத்தையும் தாண்டி கடைசி நாளுக்கு வந்துடுவான். டேபிள்ல அந்த 24 வருஷத்த ஆட யாருக்கும் பொறுமை கிடையாது.

அதனால நான் எந்த டீல் எழுதினாலும் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: இந்த விலை ஆட்டம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே, டேபிள்ல, எல்லார் கண்ணு முன்னாடியும் வசூலாகுமா? ஆகும்னா நல்ல டீல். இல்லன்னா அது இனாம், மேல ரத்தத்துல ஒரு கையெழுத்து இருக்கு அவ்வளவுதான்.

நம்ம கதைலயே இதுக்கு அருமையான மாதிரி இருக்கு, கைகேயி. போர்ல தசரதன காப்பாத்தினதுக்கு ரெண்டு வரம், அப்ப வாங்கிக்கல, பின்னாடி கேக்குறேன்னு விட்டுட்டா. வருஷக்கணக்கா அது சும்மா கிடக்கு, யாரும் அத நினைக்கவே இல்ல, ராமனுக்கு பட்டாபிஷேகம்னு ஊரே கோலாகலமா இருக்குற நேரத்துல அந்த ரெண்டையும் எடுத்து நீட்டுறா. தசரதன் ஏமாத்தப்படல, பொடி எழுத்துல எதுவும் இல்ல, அவர் சொன்ன வார்த்தைதான் திரும்பி வருது. டெவிலோ ஃபேயோ (மாய உலகத்து தேவதை மாதிரி ஜீவன்) எதுவா இருந்தாலும் சரி, "நான் கேக்கும்போது ஒண்ணு செய்யணும்"ங்கிற டீல் எந்த ஆன்மா டீலையும் விட பத்து மடங்கு வேலை செய்யும், ஏன்னா அது எப்ப வரும்னு பிளேயர் ஒவ்வொரு செஷனும் யோசிச்சுக்கிட்டே இருப்பாங்க. ஆனா "எது வேணா கேப்பேன்"னு வரம்பே இல்லாம விட்டீங்கன்னா எந்த புத்தியுள்ள பிளேயரும் ஒத்துக்க மாட்டாங்க, அதனால வேலி போடணும். எத்தனை தடவை, என்ன மாதிரி வேலை, எது கேக்கவே கூடாது, மறுத்தா என்ன ஆகும். நாலும் பேப்பர்ல இருக்கணும்.

உங்க வில்லாளிக்கே வரேன். டீல் எழுதுறதுக்கு முன்னாடி ரூல்புக்ல ஒரு விஷயம் செக் பண்ணுங்க, டெவில் விக்குற சரக்கு வெளில என்ன விலைக்கு கிடைக்குது? செத்தவங்கள எழுப்புற ஸ்பெல்ல, ரிவிவிஃபை ஐந்தாவது லெவல் கிளெரிக்குக்கே (சாமி சக்தில மந்திரம் போடுற பூசாரி கேரக்டர்) வந்துடும், ஆனா செத்து ஒரு நிமிஷத்துக்குள்ள போடணும், 300 கோல்ட் (ஆட்டத்து தங்கக் காசு) மதிப்புள்ள வைரம் வேணும். ரெய்ஸ் டெட் ஒன்பதாவது லெவல்ல, 500 கோல்ட் வைரம், செத்து பத்து நாள் தாண்டக்கூடாது. ரெசரெக்‌ஷன் பதிமூணாவது லெவல்ல, 1,000 கோல்ட் வைரம், நூறு வருஷம் வரைக்கும் செத்தவங்கள எழுப்பலாம், ஆனா உடம்புல மிச்சம் ஏதாவது தொட இருக்கணும். அதுவும் இல்லன்னா ட்ரூ ரெசரெக்‌ஷன், பதினேழாவது லெவல், 25,000 கோல்ட். தம்பி செத்து வருஷக்கணக்கு ஆச்சு, பார்ட்டி ஆறாவது லெவல், அப்போ டெவில் விக்குறது ஏழு லெவல் கழிச்சு கிடைக்கப்போறத இன்னைக்கே தரேங்கிறத. நல்ல சரக்கு, கொஞ்சம் கனமாவே விலை வைக்கலாம். இதே தம்பி போன வாரம் செத்திருந்தா கோயில்ல ஒரு கிளெரிக்க தேடிப் புடிச்சு காசு கொடுத்துட்டு போயிடுவாங்க, டெவில் கூட எதுக்கு பேசணும். இன்னொண்ணு, ரெய்ஸ் டெட்ல இருந்து மேல உள்ள ஸ்பெல் எல்லாத்துலயும் செத்தவரோட ஆன்மா வர சம்மதிக்கணும், வரக்கூடிய நிலைல இருக்கணும்னு கண்டிஷன் இருக்கு. தம்பியே ஏதோ ஒரு காலத்துல ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டிருந்தான்னா? அதான் எந்த கோயில்லயும் எழுப்ப முடியலன்னா? அக்காக்காரிக்கு அது டீல் பேசுற நேரத்துலதான் தெரிய வருதுன்னா? உங்களுக்கு ரெண்டு செஷன் அங்கயே கிடைச்சாச்சு.

இப்ப விலை. நான் நடத்தின ஒரு ஆட்டத்துல வெச்சது இது, அப்படியே எடுத்துக்கலாம். டெவில் சொல்லுது: "உன் ஆள் உயிரோட வருவான், முழுசா, அவனாவே வருவான். பதிலுக்கு மூணு தடவை ஒரு கதவு பேர சொல்வேன். அடுத்த சூரிய உதயத்துக்குள்ள அந்த கதவு உள்பக்கம் இருந்து நீ திறக்கணும். உன் கூட நடக்குறவங்கள காயப்படுத்தச் சொல்ல மாட்டேன். மறுத்தா, எவ்வளவு நாள் அவன் மூச்சு விட்டானோ அவ்வளவு நாள் உன் கணக்குல ஏறும்." கடைசி வரிக்கு அர்த்தம் என்னன்னு பிளேயர் கேட்டாங்க, டெவில் மறைக்காம சொல்லுச்சு, அவன் திரும்ப சாவான், அவன் வாழ்ந்த அத்தனை நாளும் நீ எனக்கு வேலை செய்யணும். கையெழுத்து ஆச்சு.

முதல் கதவு ஒரு தோட்டத்து பின்வாசல். ராத்திரி போய் திறந்தாங்க, யாரும் வரல, ஒரு பூனை கூட உள்ள வரல, பார்ட்டி முழுக்க விடியற வரைக்கும் வாள உருவிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. இதுக்கு நான் எந்த பிளானும் வெச்சிருக்கல, சும்மா ஒரு கதவு, ஆனா அந்த செஷன் பூரா யாரும் போன தொடல. ரெண்டாவது ஒரு ஜெயில் அறை, உள்ள இருந்த ஆள் வெளில வந்து நன்றி சொல்லிட்டு நடந்து போயிட்டார், அவர் யாருன்னு பின்னாடி தெரிஞ்சுது, நல்ல ஆள் இல்ல. மூணாவது, பார்ட்டியே காவல் காத்துக்கிட்டு இருந்த கோட்டையோட வாசல். வெளில படை நிக்குது, விடியறதுக்குள்ள திறக்கணும்.

அந்த பிளேயர் என்ன பண்ணாங்கன்னா, கான்ட்ராக்ட் பேப்பர எடுத்து வெச்சு வரி வரியா படிச்சாங்க. "கதவு பேர சொல்வேன், அந்த கதவ திறக்கணும்." கோட்டைல இருந்த கொத்தனார் ஆட்கள எழுப்பி வாசலுக்கு பின்னாடி கல் சுவர் எழுப்ப ஆரம்பிச்சாங்க, மேஜ் (மந்திரவாதி) ஒரு பக்கம் ஸ்பெல் போட்டு கல்ல உருவாக்க, மத்தவங்க மண்ணு சுமக்க, கல்லுக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கிற இடம் மட்டும் விட்டு, விடியுற நேரத்துல அவங்க அந்த இடுக்குல நின்னு உள்பக்கம் இருந்து கதவ திறந்தாங்க. கதவு திறந்தாச்சு, கான்ட்ராக்ட் நிறைவேறிடுச்சு, படைக்கு முன்னாடி ஒரு சுவரும் ஒரு ஆளும். எனக்கு இது எதுவும் தெரியாது, நான் பிளான் பண்ணது வேற. ஆனா பேப்பர்ல இருக்குற வார்த்தைக்கு இது பொருந்துது, அதனால அப்படியே விட்டேன். டெவில் கை தட்டிட்டு போயிடுச்சு, கோவப்படல, ஏன்னா சட்டப்படி ஜெயிச்சவங்கள மதிக்கிறதுதான் அதுங்களோட குணம், அதுவும் இப்படி ஒரு ஆள் கூட அடுத்த டீல் போட அதுக்கு இன்னும் ஆசை.

இதுலேர்ந்து ட்ரிக் பத்தின கேள்விக்கு வரேன். ஓட்டை இருக்கட்டும், ஆனா ரெண்டு பக்கமும் அத படிக்க முடியணும். இரணியன் வரத்த எடுத்துக்கோங்க, மனுஷனாலயும் மிருகத்தாலயும் சாகக்கூடாது, பகல்லயும் ராத்திரிலயும் கூடாது, உள்ளயும் வெளிலயும் கூடாது, ஆயுதத்தால கூடாதுன்னு அவனே எழுதினது. நரசிம்மம் வந்து அந்தி நேரத்துல வாசப்படில வெச்சு நகத்தால கிழிச்சப்ப கேக்குறவங்களுக்கு ஒரு திருப்தி வருது பாருங்க, எல்லா ஷரத்தும் நமக்கு முன்னாடியே தெரியுங்கிறதாலதான் அது வருது. "ஆனா அடியில சின்ன எழுத்துல இன்னொரு வரி இருந்துச்சு"ன்னு பாதிக் கதைல சொல்லியிருந்தா யாரும் ரசிச்சிருக்க மாட்டாங்க. டிஎம் பண்ற பெரும்பாலான ட்ரிக் அந்த சின்ன எழுத்து வகைதான். கேரக்டர் ஏமாறலாம், அது கதை. பிளேயர் ஏமாந்தா, அந்த ஆள் உங்க டேபிள்ல இனி எந்த என்பிசி (டிஎம் ஆடுற கேரக்டர்) கூடவும் டீல் பேச மாட்டாங்க, கதவு பார்த்தா தட்டாம தீ வெச்சுட்டு போவாங்க.

பால்டர்ஸ் கேட் 3 (2023) ஆடியிருந்தா அந்த ஆன்ட்டி எத்தெல் கிழவி ஞாபகம் இருக்கும். தலைக்குள்ள இருக்குற புழுவ எடுக்குறேன், ஒரு கண்ண குடுன்னு கேக்கும். குடுத்தா கண்ணு போகும், புழு போகாது. கம்ப்யூட்டர் கேம்ல இது நல்ல ஜோக், ஏன்னா பிடிக்கலன்னா சேவ் லோட் பண்ணிக்கலாம். டேபிள்ல லோட் பட்டன் கிடையாது, வாக்கு கொடுத்த பொருளையே தராத டீல நீங்க பண்ணவே பண்ணாதீங்க. ஆனா அதே டீல்ல ஒரு பாதி திருடிக்க வேண்டியது, விலை முகத்துல தெரியுது. போன கண்ணு கடைசி வரைக்கும் கேரக்டர் மூஞ்சில அப்படியே இருக்கும், ஒவ்வொரு கட்சீன்லயும் தெரியும். அதே கேம்ல வில் (Wyll)ங்கிற வார்லாக் கேரக்டரோட கான்ட்ராக்ட்டும் கவனிங்க, யார வேட்டையாட சொல்லலாம்னு அதுல வரம்பு இருக்கு, நரகத்து ஆளுங்க, பிசாசு, இதயமில்லாதவங்க, ஆன்மா இல்லாதவங்கன்னு. கார்லாக்ங்கிற இன்னொரு கேரக்டருக்கு இதயத்துக்கு பதிலா எஞ்சின் இருக்குறதால அவனோட பேட்ரன் அவங்கள அந்த வரம்புக்குள்ள இழுத்துக்குது. வேலி மாதிரி தெரிஞ்ச ஷரத்தே வலையா மாறுது, ஆனா வார்த்தை அங்கதான் இருந்துச்சு. எழுதினா இப்படி எழுதணும்.

யார் கூட டீல்ங்கிறதும் முக்கியம், எல்லாத்தையும் ஒரே மாதிரி நடத்தினா ருசி போயிடும். டெவில் ஒழுங்கு பார்க்குற கெட்டது, ஒன்பது அடுக்கு நரகம், அடியில நெஸ்ஸஸ்ல அஸ்மோடியஸ், மேலதிகாரி கீழதிகாரின்னு ஏணி, பதவி உயர்வு, பதவி இறக்கம் எல்லாம் உண்டு. அங்க விழுற ஆன்மா லெமூர்னு கடைநிலை டெவிலா மாறி, டீமன்கள் (ஒழுங்கே இல்லாத வேற வகை கெட்டதுங்க) கூட நடக்குற முடிவில்லாத பிளட் வார்ல படை வீரனா போகும். அப்போ உங்க முன்னாடி கைகுலுக்குற டெவிலுக்கு மேல ஒருத்தன் உக்காந்து கணக்கு கேக்குறான், அது உங்களுக்கு ஒரு பெரிய ஆயுதம், பிளேயர்ஸ் அந்த மேலதிகாரிகிட்டயே போய் "இந்த டீல் செல்லாது"ன்னு புகார் கொடுக்கலாம். 2019ல வந்த டிசன்ட் இன்டு அவெர்னஸ் புக்ல டெவில் டீலுக்குன்னே பின்னிணைப்பு இருக்கு, கையில இருந்தா ஒரு தடவை புரட்டுங்க. டீமன் கூட டீல் வேஸ்ட், அதுக்கு வாக்கு பத்தி கவலையே இல்ல, கூப்பிட்டவனயே முதல்ல தின்னும்.

ஃபேய்ங்க வேற ரகம். அதுங்களுக்கு காசு, ஆன்மா, படை எதுவும் வேண்டாம், உங்ககிட்ட இருக்குற ஏதோ ஒண்ணு அழகா இருக்கு, அது வேணும். உன் சிரிப்ப குடு, உன் அம்மா குரல் ஞாபகம் இருக்குல்ல அத குடு, இனிமே யாரும் உன்ன பேர் சொல்லி கூப்பிடக்கூடாது. இதெல்லாம் ரூல்ஸ்ல எந்த நம்பரையும் மாத்தாது, அதனால நிறைய டிஎம் இத லேசா விட்டுடுறாங்க, என்னைக் கேட்டா இதுதான் பிளேயருக்கு ரொம்ப நாள் உறுத்துற விலை. பேர வித்த கேரக்டர எடுத்துக்கோங்க. அடுத்த செஷன்ல இருந்து டேபிள்ல யாராவது வாய் தவறி பேர சொன்னா, கேரக்டருக்கு காது கேக்காது. சண்டை நடுவுல "பின்னாடி பாரு"ன்னு எச்சரிக்கணும், பேர் சொல்லி கூப்பிட முடியாது, பார்ட்டிக்குள்ள ஒரு விசில் சத்தம், ஒரு சைகைன்னு அவங்களே உண்டாக்கிப்பாங்க. நீங்க ஒரு டைஸ் உருட்ட வேண்டாம். ஹேக் கிழவிங்க, ஃபேய் மாதிரி பேசும் ஆனா உள்ள விஷம், அதுக்கு டீல்ல லாபம் முக்கியமில்ல, நீங்க அழுறத பக்கத்துல நின்னு பாக்கணும். ஜீனி விஷயம் தனி, 2014 மான்ஸ்டர் மேனுவல்ல சில அபூர்வ ஜீனிகளுக்கு மூணு விஷ் வரைக்கும் கொடுக்குற சக்தி இருக்கலாம்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, தயவு செஞ்சு ஆறாவது லெவல்ல அத திறக்காதீங்க, பிளேயர் ரெண்டு பக்கத்துக்கு வக்கீல் நோட்டீஸ் மாதிரி விஷ் எழுதி எடுத்துட்டு வருவாங்க, மத்த நாலு பேர் அந்த செஷன் பூரா நொறுக்குத்தீனி தின்னுக்கிட்டு உக்காந்திருப்பாங்க.

ரூல்ஸ்ல விலைப் பட்டியல் மாதிரி ஏதாவது இருக்கான்னு பலர் தேடுவாங்க, இருக்கு, வேற உலகத்து ஜீவன துணைக்கு கூப்பிடுற பிளானர் அல்லை (Planar Ally) ஸ்பெல்ல. கிளெரிக் கூப்பிட்டா வர்ற ஜீவன் நிமிஷக் கணக்கு வேலைக்கு நிமிஷத்துக்கு 100 கோல்ட், மணிக்கணக்குன்னா மணிக்கு 1,000, நாள் கணக்குன்னா நாளுக்கு 10,000, பத்து நாள் வரைக்கும். வேலை அதோட கொள்கைக்கு ஒத்துப்போனா குறைச்சுக்கும், இனாமா கூட செய்யும், உயிருக்கு ஆபத்துன்னா கூட்டிக் கேக்கும். இது கூலி. இதுக்கு எதிர் பக்கம் பிளானர் பைண்டிங், 1,000 கோல்ட் மதிப்புள்ள ரத்தினத்த செலவழிச்சு, அந்த ஜீவன் கரிஸ்மா சேவ்ல (தப்பிக்க உருட்டுற டைஸ்) தோத்தா 24 மணி நேரம் கட்டிப் போடுறது, பெரிய ஸ்லாட்ல (ஸ்பெல் போட செலவாகுற சக்தி) போட்டா ஒரு வருஷமும் ஒரு நாளும் வரைக்கும் நீட்டலாம். பிடிக்காம கட்டுப்பட்ட ஜீவன் உங்க வார்த்தைய திருகி தனக்கு சாதகமா பாத்துக்கும்னு அந்த ஸ்பெல்லயே எழுதியிருக்கு. இத கவனிச்சீங்களா? வார்த்தைய திருகுறது அடிமைப்படுத்தின ஜீவன் பண்றது. தானா விரும்பி டீலுக்கு வந்த ஜீவனுக்கு திருகவே தேவை இல்ல, அதுக்கு வேண்டியத அது கேட்டே வாங்கிடும்.

டீல மீறினா தண்டனையா கீஸ் ஸ்பெல்ல (கட்டளைய மீறினா அடி விழும்) வைக்கலாமான்னு யோசிச்சா, என் ஓட்டு வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு தடவை 5டி10 (பத்து முக டைஸ் அஞ்சு) சைக்கிக் டேமேஜ், சராசரி 27 சொச்சம், 30 நாள். ஆறாவது லெவல் மேஜுக்கு அது பெரிய அடி, பார்பேரியன் ஒரு நாள் அடிய வாங்கிட்டு தூங்கி எழுந்து சரியாயிடுவான். ஒரே தப்புக்கு ஆளுக்கு ஒரு தண்டனை ஆயிடுது, அதுவும் வெறும் நம்பர். அதவிட தம்பி மூச்சு நிக்குறது, பேர் காணாம போறது, வாங்கின வாள் எதிரி கைல போய் சேருறது, இதெல்லாம் எல்லா லெவலுக்கும் ஒரே மாதிரி வலிக்கும்.

பேரம் நடக்குற சீன எப்படி ஆடுறதுன்னா, பேப்பர் நிஜமா இருக்கணும். முந்தின நாளே அரைப் பக்கத்துக்குள்ள எழுதி பிரின்ட் எடுத்துக்கோங்க, செஷன்ல பிளேயர் கைல கொடுத்துட்டு பேனாவும் கொடுங்க. அரைப் பக்கத்த தாண்டினா யாரும் படிக்க மாட்டாங்க. ஒரே ஒரு பர்சுவேஷன் ரோல்ல (பேசி மசிய வைக்க உருட்டுற டைஸ்) மொத்த டீலையும் முடிச்சுடாதீங்க, 20 விழுந்துச்சுன்னா டெவில் இனாமா தம்பிய கொடுத்துட்டு போகணுமா என்ன? ஒவ்வொரு ஜெயிச்ச ரோலுக்கும் ஒரு வரிய அடிச்சு மாத்தலாம்னு வெச்சுக்கோங்க, மூணு கதவ ரெண்டாக்கலாம், சூரிய உதயத்த மூணு நாளாக்கலாம், தோத்தா டெவிலும் ஒரு வரி சேர்க்கும். இன்சைட் ரோல் (எதிர்ல இருக்குற ஆள எடை போட) போட்டா "பொய் சொல்லுதா"ன்னு பதில் சொல்லாதீங்க, அது பொய் சொல்லாது, சொல்லாம விடும். "இதுக்கு எது ரொம்ப தேவைப்படுது"ங்கிறத சொல்லுங்க, அவசரப்படுது, யாருக்கோ பயப்படுது, இந்த கோட்டை பேர கேட்டதும் கண்ணு மாறுச்சு, அந்த மாதிரி. மத்த பிளேயர்ஸும் அந்த நேரத்துல கேரக்டரா உள்ள வந்து வாயக் கொடுக்க விடுங்க, ஏன்னா மூணாவது கதவு அவங்க தலைலதான் விழப்போகுது. இதுக்கு முன்னாடி, ஆட்டத்துக்கு வெளில, அந்த வில்லாளி பிளேயர்கிட்ட தனியா ஒரு தடவை கேட்டுடுங்க, தம்பிய திரும்ப சாகடிக்கிறது அவங்களுக்கு ஓகேவா, கேரக்டர் கண்ட்ரோல் போறது ஓகேவா. சிலருக்கு செத்த உடன்பிறப்புங்கிறது வெறும் பேக்ஸ்டோரி இல்ல, அது உங்களுக்கு தெரிஞ்சிருக்காது.

சரி, வார்லாக். பேட்ரன் பேசாம இருக்குறது ரொம்ப சாதாரணம், ரூல்புக்கே அப்படி விட்டுடுது. 2014 புக்ல ஆர்ச்ஃபே (ஃபேய்கள்ல பெரிய ஆள்), ஃபீண்ட் (டெவில் மாதிரி கெட்டது), கிரேட் ஓல்ட் ஒன் (நமக்கு புரியாத ஆதிகால சக்தி)ன்னு மூணு பேட்ரன். கிரேட் ஓல்ட் ஒன் பத்தி சொல்றப்ப, அதுக்கு நீங்க இருக்குறதே தெரியாம இருக்கலாம்னே எழுதியிருக்காங்க. அதனால மூணாவதா இருந்தா அமைதி கூட ஒரு ஸ்டைல்தான். மத்த ரெண்டும் பேசியே ஆகணும்.

இங்க நிறைய பேர் போற வழி, பேட்ரன் ஒரு கடுகடு மேனேஜரா வந்து வேலை கொடுக்கும், செய்யலன்னா பவர புடுங்கிடுவேன்னு மிரட்டும். ரெண்டுமே சரிவராது. முதல்ல, 2014 புக்ல சத்தியத்த மீறின பாலடினுக்கு (சத்தியம் பண்ணி சக்தி வாங்கின வீரன்) ஒரு பெட்டி போட்டு என்ன பண்ணலாம்னு சொல்லியிருக்காங்க, வார்லாக்குக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது. பவர புடுங்கினா அந்த பிளேயர் சண்டைல எல்ட்ரிச் பிளாஸ்ட் (வார்லாக்கோட அடிப்படை தாக்குதல் ஸ்பெல்) கூட இல்லாம வெறும் கையோட நிப்பாங்க, நாலு பேர் ஆடுறப்ப ஒருத்தர் வேடிக்கை பாக்கணும். ரெண்டாவது, கடன் கொடுத்தவன் வாங்கினவன் நல்லா சம்பாதிக்கணும்னுதான் நினைப்பான், பேட்ரனும் அந்த வகைதான். அதுக்கு உங்க வார்லாக் ஜெயிக்கணும், லெவல் ஏறணும், ராஜா அரண்மனைக்குள்ள போகணும். அப்போ அது உதவியாத்தான் பேசும், அந்த உதவிலதான் கொக்கி.

அதனால அடுத்த செஷன்லயே, வார்லாக் ஷார்ட் ரெஸ்ட் (நடுவுல எடுக்குற சின்ன ஓய்வு) எடுக்குறப்ப ஆரம்பிங்க. அவங்க ஸ்லாட் எல்லாம் ஷார்ட் ரெஸ்ட்லயே திரும்பும், மத்த மேஜ் மாதிரி ராத்திரி தூங்கி எழ வேண்டாம், அதாவது ஒரு நாள்ல பேட்ரன் கை ரெண்டு மூணு தடவை உள்ள வந்துட்டு போகுது. அந்த நேரத்துல ஒரு வரி. "இடது பக்க சுரங்கத்துல போகாத." போகாம தப்பிச்சாங்கன்னா அடுத்த ரெஸ்ட்ல இன்னொரு வரி, "நேத்து சொன்னது உதவுச்சா? அந்த பூசாரி கழுத்துல என்ன மாலை போட்டிருக்கான்னு ஒரு தடவை பாத்துச் சொல்லு." சின்ன வேலை, பாக்குறது மட்டும். யாரும் மறுக்க மாட்டாங்க. நாலஞ்சு செஷன் கழிச்சு வார்லாக் பாத்துச் சொன்ன ஆளுங்க எல்லாம் ஒருத்தர் ஒருத்தரா காணாம போயிருக்காங்கன்னு பார்ட்டிக்கு உறைக்கும். மிரட்டல், மிஷன், டெட்லைன் எதுவும் இல்லாம பேட்ரன் உள்ள வந்தாச்சு.

2024 புது ரூல்ஸ்க்கு மாறுறதா இருந்தா ஒரு வசதி, பேட்ரன தேர்ந்தெடுக்குறது மூணாவது லெவல்ல வருது. அடுத்த கேம்பெயின்ல முதல் ரெண்டு லெவலும் கொடுத்தது யாருன்னே தெரியாம சக்திய பயன்படுத்திட்டு, மூணாவதுல ஆள் வந்து முன்னாடி நிக்கிற மாதிரி ஆடலாம். (2017ல சனத்தார்ஸ் கைட் புக்ல ஹெக்ஸ்பிளேட்ங்கிற வார்லாக் வகை வந்ததுக்கு அப்புறம் ஊர்ல பாதி பாலடின் ஒரே ஒரு லெவல் வார்லாக் எடுத்துட்டு திரும்பிடுறாங்க, கரிஸ்மால வாள் வீசலாமேன்னு. உங்க டேபிள்ல யாராவது அப்படி வந்தா ஒரு லெவல் எடுத்தவங்களுக்கும் ஒரு பாக்ட் இருக்குங்கிறத மறந்துடாதீங்க, நிழல்ல இருக்குற அந்த ஆளும் ஏதாவது கேக்கலாம்.)

ரெண்டு கதையையும் முடிச்சு போடணும்னு தோணினா ஒரு வழி இருக்கு, பேட்ரன் ஃபீண்ட்னா. வில்லாளி டீல் பேசுற டெவிலுக்கும் வார்லாக் பேட்ரனுக்கும் ஆகாதுன்னு வைங்க, ஒரே ஏணில ரெண்டு பேர். அப்போ பேரம் நடக்குற நேரத்துல வார்லாக் காதுல மட்டும் பேட்ரன் குசுகுசுக்கும், "ரெண்டாவது வரிய மாத்தச் சொல்லு, அவனுக்கு இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு கையெழுத்து தேவை, விடாத". தகவல் உண்மை. ஏன் சொல்லுச்சுங்கிறது பின்னாடி வசூலாகும்.

கடைசியா ஒண்ணு, பேப்பர கைல கொடுத்ததுக்கு அப்புறம் அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா விட்டுடுங்க. திரும்ப திரும்ப அந்த டெவில கொண்டு வந்து நிறுத்தாதீங்க, வேற வழி இல்லாத மாதிரி மூலைல தள்ளாதீங்க, அந்த பேப்பர்ல போட வேண்டிய கையெழுத்து அப்ப உங்களுதா ஆயிடும். பேப்பர அவங்ககிட்டயே விட்டுட்டு டெவில் எழுந்து போகட்டும், இன்வென்டரில எழுதிக்கச் சொல்லுங்க: கான்ட்ராக்ட், கையெழுத்து போடாதது, ஒண்ணு.